குழந்தைப் போர்வை தைத்துக் கொடுக்க: மஸ்லினா, ஃபிளானலா, மின்கியா, ஒட்டுத்துணியா?

"குழந்தை பிறக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. கையால் ஒரு போர்வை தைத்துக் கொடுக்க ஆசை. எந்தத் துணியில் தைப்பது?" என்று கேட்கிறவர்களில் பெரும்பாலோர் துணிக்கடைக்கு ஒருமுறை போய்த் திரும்பியவர்கள். அங்கே நான்கு வகைத் துணியைத் தடவிப் பார்த்து, நான்கும் மெத்தென்று இருந்ததால் குழம்பி, வெறுங்கையோடு வந்திருப்பார்கள். துணியைத் தடவிப் பார்ப்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது. கடையில் இருக்கும் துணி ஒருமுறைகூடத் தண்ணீரைப் பார்த்திருக்காது. குழந்தை வீட்டில் அது வாரத்துக்கு மூன்று முறை தண்ணீரைப் பார்க்கும்.

ஆகவே என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசுப் போர்வைக்கான துணியைத் தைப்பவரின் விரல்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. அதைத் துவைக்கப் போகிறவரை நினைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற எல்லாக் கணக்கும் இதற்குப் பிறகுதான்.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை நான்கு: ஒற்றைத் துண்டாக ஓரம் மடித்த இரட்டை மஸ்லின், இரண்டு அடுக்குப் பருத்தி ஃபிளானல், ஒருபக்கம் பருத்தியும் மறுபக்கம் மின்கியும் (ரோமம்போன்ற பாலியஸ்டர் துணி) வைத்தது, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வை. ஃபிளீஸ் துணியின் ஓரத்தைக் கீறி முடிச்சுப் போட்டுத் தைக்காமலேயே முடிக்கும் முறையும் உண்டு. அதை நான் சேர்க்கவில்லை. சுற்றிலும் தொங்கும் முடிச்சுகள், எதையும் வாயில் வைக்கும் குழந்தைக்கு ஏற்றவை அல்ல. தவிர, இங்கே பேச்சு தையலைப் பற்றி.

## எதை வைத்து எடைபோடுவது

துவைப்பு. கக்கிய பால், எச்சில், கசிந்த டயபர். இவற்றைத் தாங்கி, "தனியாகத் துவை, நிழலில் உலர்த்து, இஸ்திரி போடாதே" என்று நிபந்தனை விதிக்காத துணியே நல்ல துணி. பிள்ளை பெற்ற வீட்டில் துணியைத் தரம் பிரித்துத் துவைக்க யாருக்கும் நேரமிருக்காது.

எங்கே பயன்படப் போகிறது. இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாதமி 2022இல் புதுப்பித்த பாதுகாப்பான உறக்க வழிகாட்டுதல், குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை, தலையணை, மெத்தென்ற பொம்மை எதுவும் இருக்கக் கூடாது என்கிறது. மூச்சுமுட்டும் ஆபத்துதான் காரணம். முதல் ஒரு வயதுவரை இதுவே விதி. அப்படியானால் நீங்கள் தைப்பது தூங்கும்போது மூடுவதற்கான போர்வை அல்ல. தரையில் விரித்துக் குப்புறப் போட, மடியில் வைத்துப் போர்த்த, விழித்திருக்கும் குழந்தையைத் தள்ளுவண்டியில் காலுக்கு மூடிக் கூட்டிச்செல்ல. ஒரு வயதுக்குப் பிறகு இழுத்துக்கொண்டு திரியவும். இது புரிந்துவிட்டால், "கனமாக, கதகதப்பாக இருக்க வேண்டும்" என்ற எண்ணம் பாதி கரைந்துவிடும்.

தவறை மன்னிக்கும் குணம். ஐந்து மில்லிமீட்டர் கோணலைச் சில துணிகள் மறைக்கும், சில ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

நேரமும் மறைச் செலவும். துணியின் விலை கண்ணுக்குத் தெரிகிற செலவு. சுருங்கும் அளவுக்குக் கூடுதலாக வாங்கும் துணி, தனி ஊசி, தனிப் பாதம் (ஊசியடியில் துணியை அழுத்தும் இயந்திரப் பாகம்), இயந்திரத்தைத் துடைக்கும் அரை மணி நேரம் ஆகியவை பிறகு வந்து நிற்பவை.

கீழே உள்ள மணிக்கணக்கு, நேர்த்தையல் தெரிந்த, ஆனால் அவசரப்படாத ஒருவருக்கு என் அனுபவத்தில் ஆவது. துவைத்து உலர்த்தும் நேரம் இதில் சேரவில்லை.

| | இரட்டை மஸ்லின் | ஃபிளானல், 2 அடுக்கு | பருத்தி + மின்கி | ஒட்டுத்துணி |
|---|---|---|---|---|
| தைக்கும் நேரம் | 2 மணி | 2–3 மணி | 4–5 மணி | 15–25 மணி |
| முதல் தையலாக எடுக்கலாமா | எடுக்கலாம் | தாராளமாக | வேண்டாம் | ஓரளவு பழகிய பிறகு |
| துவைக்கும்போது | சுருங்கும், சீக்கிரம் உலரும் | சுருங்கும், பஞ்சு உதிரும் | மின்கி சுருங்காது, சூடு ஆகாது | மெதுவாக உலரும் |
| கோணல் தெரியுமா | சுருக்கத்தில் மறையும் | ஓரளவு மறையும் | விளிம்பில் தெரியும் | ஒவ்வொரு மூலையிலும் தெரியும் |
| மறைச் செலவு | கூடுதல் துணி | கூடுதல் துணி | ஊசி, நடைப்பாதம், சுத்தம் | பஞ்சு, கத்தி, பொறுமை |
| கையால் தைக்கலாமா | நன்றாக வரும் | முடியும் | முடியாதென்றே வைத்துக்கொள்ளுங்கள் | முடியும், மாதக்கணக்கில் |

## இரட்டை மஸ்லின்: லேசானது, அடம்பிடிப்பது

டபுள் காஸ் என்றும் இதைச் சொல்வார்கள். மிக மெல்லிய இரண்டு பருத்தி அடுக்குகளை ஆங்காங்கே சிறு புள்ளிகளில் இணைத்து நெய்த துணி. முதல் துவைப்பிலேயே சுருங்கி, மேற்பரப்பு நுணுக்கமாகச் சுருக்கம் விழுந்து, வாங்கியதைவிட மிருதுவாகிவிடும். துவைக்கத் துவைக்க இன்னும் நன்றாகும் துணி என்பதுதான் இதன் முதல் பெருமை.

தைக்க வேண்டியது ஒற்றைத் துண்டு மட்டும். 110 செ.மீ. சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் 1.25 செ.மீ. வீதம் இரண்டு முறை மடித்துத் தைத்தால் 105 செ.மீ. சதுரம் கிடைக்கும். நூல் பிரியும் ஓரம் மடிப்புக்குள் ஒளிந்துவிடுவதால் ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் சுற்றிப் போடும் தையல்) தேவையில்லை. பிறந்த குழந்தையைச் சுற்ற, தோளில் போட, பால் கொடுக்கும்போது மறைத்துக்கொள்ள என்று ஒரே துணி பல வேலைக்கு ஆகும். சுற்றுவதற்கென்று கொடுப்பதாக இருந்தால் ஒன்று சொல்லிக் கொடுங்கள்: குழந்தை புரள முயல்வது தெரிந்த அன்றே சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும்.

அடம் எங்கே வரும் என்றால், வெட்டும்போது. மேசையில் விரித்தால் ஒருபக்கம் இழுபடும், சதுரம் வெட்டினால் சாய்சதுரம் வரும். இதற்கு வழி பழைய வழிதான்: துவைத்த துணிக்கு மெல்லிய கஞ்சி போட்டு, லேசாக இஸ்திரி போட்டு, விறைப்பாக இருக்கும்போதே வெட்டித் தைத்துவிடுவது. கொடுப்பதற்கு முன் ஒருமுறை அலசினால் கஞ்சி போய்விடும். ஊசி 70ஆம் எண் போதும். தடித்த ஊசி இந்தத் துணியில் துளை விடும், சில நேரம் இழையைப் பிடித்து இழுத்துவிடும். முனைகளை வட்டமாக்க ஆசைப்படாதீர்கள். வட்டம் குறுக்கு இழையில் (இழைகளுக்குச் சாய்வாக) விழும் இடத்தில் துணி நீண்டு, ஓரம் அலையலையாகிவிடும்.

மறைச் செலவு சுருக்கம்தான். நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினால்கூட 110 செ.மீ. துணியில் ஐந்தரை செ.மீ. போய்விடும். இந்தத் துணி அதற்கு மேலும் சுருங்கக்கூடியது. தாராளமாக வாங்குங்கள்.

தையல் இயந்திரம் இல்லாதவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். நான்கு ஓரமும் சேர்ந்து ஏறக்குறைய 420 செ.மீ. சென்டிமீட்டருக்கு மூன்று தையல் போட்டால் 1,260 தையல். மலைப்பாகத் தெரியும். ஆனால் ஓட்டுத் தையலில் ஊசியில் நாலைந்து மடிப்பைக் கோத்துக்கோத்து இழுப்பதால், நான்கு மாலைப் பொழுதுகளில் முடிந்துவிடும். சுருக்கம் விழுந்த துணியில் கைத்தையல் தனி அழகாகவும் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. லேசான துணிதானே என்று வெயிலில் தள்ளுவண்டியின் மேல் இதைக் கூடாரம்போல் மூடிவிடுகிறார்கள். காற்றோட்டம் தடைபட்டு உள்ளே சூடு ஏறும். மெல்லிய மஸ்லினாக இருந்தாலும் இதே கதைதான்.

## ஃபிளானல்: பத்துப் பேர் கேட்டால் ஏழு பேருக்கு நான் சொல்வது

ஃபிளானல் என்பது பருத்தித் துணியின் மேற்பரப்பைச் சுரண்டி, இழைநுனிகளை எழுப்பி மெத்தென்று ஆக்கியது. அந்த இழைநுனிகளால் இரண்டு ஃபிளானல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கும், வழுக்காது. புதிதாகத் தைப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. இரண்டு அடுக்கும் ஒரே துணி என்பதால் ஒன்றாகச் சுருங்கும், ஒன்றோடொன்று மல்லுக்கட்டாது.

இதில் நான் திரும்பத் திரும்பச் செய்வது, பின்துணியே முன்பக்கம் மடிந்து கரையாக வரும் முறை. தனியாகக் கரைப்பட்டி வெட்ட வேண்டாம், பொருத்த வேண்டாம். செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல்முறை செய்பவர்கள் மூலையில் வந்து திகைத்து நிற்பார்கள்.

துணி இரண்டையும் முதலில் துவைத்து உலர்த்துங்கள். பின்துணியை 100 செ.மீ. சதுரமாகவும் முன்துணியை 75 செ.மீ. சதுரமாகவும் வெட்டுங்கள். நான்கு பக்கங்களின் நடுப்புள்ளியையும் இரண்டிலும் மடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, ஒரு பக்கத்தின் நடுவோடு நடுவைச் சேர்த்துக் குண்டூசி குத்துங்கள். சிறிய சதுரத்தின் முனைக்கு 1 செ.மீ. முன்னால் தொடங்கி, மறுமுனைக்கு 1 செ.மீ. முன்னால் நிறுத்தி, 1 செ.மீ. ஓரம் விட்டுத் தையுங்கள். நான்கு பக்கமும் இதேபோல. ஒரு பக்கத்தின் நடுவில் மட்டும் 12 செ.மீ. தைக்காமல் விடுங்கள், திருப்புவதற்கு.

இப்போது பெரிய சதுரத்தின் நான்கு மூலைகளும் காதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். பயப்பட வேண்டாம். ஒரு மூலையைக் குறுக்காக மடித்து, அடுத்தடுத்த இரு ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வையுங்கள். தையல் முடிந்த புள்ளியிலிருந்து அந்த மடிப்புக்குச் செங்குத்தாக ஒரு கோடு கிழித்து, அதன்மேல் தைத்து, 1 செ.மீ. விட்டு மீதியை வெட்டி எறியுங்கள். நான்கு மூலையும் ஆனபிறகு திருப்பினால், சட்டம் போட்ட படம்போல் மூலை சாய்வாகச் சேர்ந்த கரையோடு போர்வை வெளியே வரும். கரையின் அகலம் ஆறு செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். மொத்தப் போர்வை 85 செ.மீ.யைத் தாண்டும். திறப்பை மூடி, கரையின் உள்விளிம்பில் ஒரு சுற்று மேல்தையல் போட்டால் வேலை முடிந்தது. முதல் முறை அது வெளியே வரும்போது எனக்கு ஏதோ கண்கட்டு வித்தைபோல் இருந்தது. இன்றும் அந்த நிமிடத்துக்காகவே இதைத் தைக்கிறேன் என்று சொல்லலாம்.

குறைகளும் உண்டு. மலிவான ஃபிளானல் சில துவைப்புகளிலேயே உருண்டை உருண்டையாகப் பஞ்சு கட்டிவிடும். வாங்கும் முன் கட்டைவிரலால் ஒரே இடத்தில் இருபது முறை அழுத்தித் தேயுங்கள். உடனே திரிதிரியாக வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அடர்ந்த சிவப்பு, நீலம் சாயம் விடக்கூடியவை. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். துணியின் அகலத்தையும் கவனியுங்கள். 110 செ.மீ. அகலத் துணி ஐந்து பங்கு சுருங்கினால் 104 செ.மீ.க்குச் சற்று மேல் நிற்கும், ஓரக்கரையை வெட்டியபிறகு 100 செ.மீ. சதுரம் ஏறக்குறைய இழுத்துப்பிடித்துத்தான் வரும். அதைவிடக் குறுகலான துணியானால் 95, 70 என்று இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே 25 செ.மீ. வித்தியாசம் இருந்தால் கரை அதே அகலத்தில் வரும். தைத்து முடித்ததும் இயந்திரத்தில் கீழ்நூல் இருக்கும் பாபின் பெட்டியைத் திறந்து பாருங்கள், உள்ளே ஒரு எலிக்குஞ்சு அளவுக்குப் பஞ்சு இருக்கும். துடைத்துவிடுங்கள்.

## மின்கி: கடையில் மயக்கும், மேசையில் வழுக்கும்

மின்கி என்பது பாலியஸ்டரில் பின்னிய, குட்டையான ரோமம்போன்ற மேற்பரப்புள்ள துணி. தொட்டவர்கள் விடமாட்டார்கள். குழந்தைகளும் அப்படித்தான், ஒரு வயதுக்குமேல் இழுத்துக்கொண்டு திரியும் போர்வை பல வீடுகளில் இதுவாகத்தான் இருக்கிறது. சுருங்காது, சாயம் போகாது. கொஞ்சம் நல்லதாக வாங்கினால் ஆண்டுக்கணக்கில் புதிதுபோலவே இருக்கும். இந்தப் பெருமைகளை மறைத்துவிட்டு நான் ஒருபக்கமாகப் பேசக் கூடாது.

ஆனால் தைக்க உட்கார்ந்தால் இது வேறு பிறவி. ஒரு திசையில் நீளும், பருத்தியின் மேல் வழுக்கும், வெட்டிய இடமெல்லாம் ரோமம் உதிர்க்கும். நான் முதலில் தைத்த மின்கிப் போர்வையில் இரண்டு துணியையும் சரியாக 90 செ.மீ. வெட்டினேன். ஒழுங்காகச் செய்கிறோம் என்ற நினைப்பு. மூன்றாவது பக்கம் வருவதற்குள் மின்கி இரண்டு செ.மீ. நகர்ந்து போயிருந்தது. பிரிக்கப் போனேன். ரோமத்துக்குள் புதைந்த தையல் கண்ணில் படவில்லை, பிரிப்பான் அடித்துணியைக் கிழித்துவிட்டது. அந்தப் போர்வை கடைசியில் 70 செ.மீ. ஆகி, ஒரு நாய்க்குட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. நாய்க்குட்டி புகார் ஏதும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டவை: மின்கியைச் சுற்றிலும் மூன்று செ.மீ. கூடுதலாக வெட்டி, பருத்தியின் ஓரத்தைப் பார்த்துத் தைத்து, மிச்சத்தைத் தைத்த பிறகு வெட்டுங்கள். மின்கி கீழே, பருத்தி மேலே. இயந்திரத்தின் பற்கள் கீழ்த்துணியை இழுத்துச் செல்வதால் நீளும் துணி அந்தப் பக்கம் இருப்பது நல்லது. மூன்று நான்கு செ.மீ.க்கு ஒரு குண்டூசி, குறைக்காதீர்கள். உருண்டை முனையுள்ள 90ஆம் எண் ஊசி, 3 மி.மீ. தையல் நீளம், 1.25 செ.மீ. ஓரம். மேல்துணியையும் கீழ்த்துணியையும் சேர்த்து நகர்த்தும் நடைப்பாதம் இருந்தால் பாதித் துன்பம் குறையும். அதை இதற்காகவே வாங்க வேண்டியிருந்தால், அதுவும் இந்தப் போர்வையின் கணக்கில்தான் சேரும். முனைகளை ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து வட்டமாக வரைந்து வெட்டிவிடுங்கள். தடித்த ரோமத்தில் கூர்முனை எடுப்பது வீண் முயற்சி.

பருத்தியை முன்கூட்டியே துவைக்காமல் இதில் தைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 90 செ.மீ. பருத்தி ஐந்து பங்கு சுருங்கினால் 85.5 செ.மீ. மின்கி 90ஆகவே நிற்கும். நாலரை செ.மீ. மின்கிக்குப் போக இடமில்லாமல், பரிசு கொடுத்த மறுவாரமே போர்வை பொட்டலம்போல் உப்பிவிடும்.

இன்னொன்று, ஃபிளானலைப்போல் இந்த இரண்டு அடுக்கும் ஒட்டிக்கொள்வதில்லை. ஓரத்தில் மட்டும் தைத்து விட்டால் நடுவில் தனித்தனியாகத் திரியும். மூலைக்கு மூலை இரண்டு கோடுகள், அல்லது கைக்கு வருகிற ஏதோ நான்கு நேர்க்கோடுகள் குறுக்கே ஓட்டிவிடுங்கள். நேரக் கணக்கில் இதைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

வாங்கிக்கொள்பவர் மேல் ஏறும் செலவு: இஸ்திரிப் பெட்டி பட்டால் ரோமம் உருகிப் படிந்துவிடும், உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூடும் ஆகாது. பாலியஸ்டர் வேர்வையை உறிஞ்சாது. வெப்பமான இடத்தில் வாழும் குழந்தைக்கு இது பரிசு அல்ல, தண்டனை. குளிரான இடமென்றால் பேச்சே வேறு. அங்கே நான் மின்கிக்கு மாறிக்கொள்வேன்.

## ஒட்டுத்துணி: யாரும் அழுக்காக்கத் துணியாதது

சின்னச் சின்னச் சதுரங்களை இணைத்த முகப்பு, நடுவில் பஞ்சு அடுக்கு, பின்துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல் கோடுகள், சுற்றிலும் கரைப்பட்டி. பார்த்தவுடன் "நீயே தைத்தாயா!" என்று கேட்க வைப்பது இதுதான். தைப்பவருக்கு நிறைவு தருவதும் இதுதான். அதனாலேயே இதன்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

முதலில் கணக்கு. 80க்கு 100 செ.மீ. போர்வையை 10 செ.மீ. சதுரங்களால் அமைத்தால் 80 சதுரங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் தையல் ஒரு மி.மீ. தள்ளிப் போனால் இரண்டு துண்டிலும் ஒவ்வொரு மி.மீ. குறையும். எட்டுச் சதுர வரிசையில் ஏழு இணைப்பு, ஆக 14 மி.மீ. ஒரு வரிசை 14 மி.மீ. குட்டை, அடுத்தது சரியான அளவு, மூலைகள் சேராமல் பல்லிளிக்கும். அளவு முக்கியமில்லை, எல்லா வரிசையும் ஒரே மாதிரி தவறினாலும் பாதகமில்லை; ஒரே சீராகத் தைக்கும் கை வேண்டும், அவ்வளவுதான். அது பழக்கத்தால்தான் வரும்.

பஞ்சு அடுக்கை வாங்கும்போது, அதன் உறையில் தையல் கோடுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விடலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் துவைப்பில் பஞ்சு நகர்ந்து கட்டிகட்டியாகிவிடும். கரைப்பட்டி, சுற்றளவு 360 செ.மீ.யோடு இணைப்புக்கும் மூலைக்கும் 25 செ.மீ. சேர்த்து வேண்டும். நேரான ஓரத்துக்குக் குறுக்கு இழையில் வெட்ட வேண்டிய அவசியமில்லை. நேர் இழையில் 6.5 செ.மீ. அகலத்தில் நான்கு பட்டிகள், 110 செ.மீ. துணியில் தாராளமாக வரும்.

இதன் பெரிய மறைச் செலவு துணியிலோ நேரத்திலோ இல்லை. இருபது மணி நேரம் உழைத்துத் தைத்ததை வாங்கியவர்கள், "ஐயோ, இவ்வளவு அழகானதை அழுக்காக்குவதா" என்று அலமாரியில் மடித்து வைத்துவிடுகிறார்கள். நான் தைத்த முதல் ஒட்டுத்துணிப் போர்வை இன்னும் மடிப்புக் கலையாமல்தான் இருக்கிறது. அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது. அவர்கள் மேல் தவறில்லை. பயந்து பயந்து கையாள வேண்டிய பொருளைக் கொடுத்தவள் நான்தானே.

அதற்காக இதை ஒதுக்கிவிடவில்லை. இதற்குரிய நேரம் பிறப்பு அல்ல, முதல் பிறந்தநாள். அப்போது உறக்கத்துக்கான போர்வைத் தடையும் விலகியிருக்கும், குழந்தைக்குப் பிடித்த நிறமும் தெரிந்திருக்கும், உங்களுக்கும் ஓராண்டு அவகாசம் கிடைத்திருக்கும். மூத்த பிள்ளையின் சிறிதாகிவிட்ட சட்டைகளையும் அம்மாவின் பழைய பருத்தி உடைகளையும் வெட்டிச் சேர்ப்பதாக இருந்தால், வேறு எந்த வகையும் இதற்கு ஈடாகாது. பழைய துணி ஏற்கெனவே சுருங்கி முடித்தது என்பது கூடுதல் லாபம். பின்னல் டி-சட்டைத் துணியை மட்டும் நெய்த துணியோடு கலக்காதீர்கள். ஒன்று நீளும், மற்றது நீளாது.

ஆசையை விடவும் முடியவில்லை, நேரமும் இல்லை என்றால் ஒரு நடுவழி உண்டு. 20 செ.மீ. சதுரமாக எடுத்துக்கொண்டால் 20 துண்டுகளே போதும். ஓரத்துக்குச் சேர்த்து 21.5 செ.மீ. ஆக வெட்டுங்கள். நடுவில் பஞ்சு வேண்டாம், பின்பக்கம் ஃபிளானல். எட்டு மணி நேரத்தில் முடியும். பார்வைக்கு ஒட்டுத்துணி, பழக்கத்துக்கு ஃபிளானல்.

## எந்த நிலைமைக்கு எது

இது முதல் தையல், இயந்திரம் கைவசம் இருக்கிறது: ஃபிளானல். யோசிக்கவே வேண்டாம்.

இயந்திரம் இல்லை, அல்லது குழந்தை இருக்கும் இடம் வெப்பமானது, அல்லது தபாலில் தொலைதூரம் அனுப்ப வேண்டும்: மஸ்லின். மடித்தால் ஒரு புத்தகம் அளவுக்கு வரும், எடை குறைவு.

குளிர்ப் பிரதேசம், தையலில் ஓரளவு கை பழகியவர்: மின்கி. ஆனால் முதலில் அரை மீட்டர் வாங்கி ஒரு சிறிய தலையணை உறை தைத்துப் பாருங்கள். அதைத் தைத்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால் போர்வைக்குப் போகலாம்.

நெருங்கிய உறவு, பழைய துணிகள் சேர்த்து வைத்திருக்கிறீர்கள், அவசரமில்லை: ஒட்டுத்துணி.

நாளைக்கே கொடுக்க வேண்டும், இன்று இரவுதான் நேரம் என்றால் எதையும் தைக்காதீர்கள். துணி துவைத்து உலரவே ஒரு நாள் ஆகும். துவைக்காமல் தைத்தால் மேலே சொன்ன பொட்டலம்தான். நல்ல ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, தைத்ததை ஆறாவது மாதம் கொடுங்கள். குழந்தை தரையில் தவழத் தொடங்கும் அந்த நேரத்தில்தான் விரிப்புக்குத் தேவையும் கூடும்.

## எதைத் தைத்தாலும்

பொத்தான், மணி, குஞ்சம், ரிப்பன் வளையம் எதுவும் வேண்டாம். பிய்ந்து வருவது வாய்க்குள் போகும், வளையமாக இருப்பது விரலில் மாட்டும். தொங்கும் நூலும் அப்படித்தான். நீளமான ஒற்றை நூல் குழந்தையின் கால்விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே தடைபடும். ஒவ்வொரு தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு மூன்று தையல் பின்னோக்கி ஓட்டி, நூலை ஒட்ட வெட்டுங்கள். பெயரைப் பூத்தையலில் போட ஆசையென்றால், இரண்டு அடுக்கையும் இணைக்கும் முன் முகப்புத் துணியில் மட்டும் போடுங்கள். முடிச்சுகள் உள்ளே மறைந்துவிடும், தோலில் உரசாது. ஒற்றைத் துண்டான மஸ்லினில் பூத்தையல் வேண்டாம்.

நூல் நல்ல பாலியஸ்டர் நூலாக இருக்கட்டும். பாட்டி காலத்துப் பெட்டியில் கிடக்கும் நூல்கண்டை எடுப்பதானால், ஒரு முழம் இழுத்து அறுத்துப் பாருங்கள். சட்டென்று அறுந்தால் அது போர்வைக்கு ஆகாது.

கொடுக்கும்போது ஒரு சீட்டு வையுங்கள். "என் அன்பின் அடையாளமாக" போன்றதெல்லாம் உங்கள் விருப்பம். ஆனால் "இயந்திரத்தில் மற்ற துணிகளோடு போட்டுத் துவைக்கலாம், கிழிந்தால் சொல்லுங்கள், தைத்துத் தருகிறேன்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அலமாரிக்குப் போகவிருந்த ஒன்றிரண்டு போர்வைகளை அந்த வரி தரைக்குக் கொண்டுவந்ததை நான் பார்த்திருக்கிறேன். மின்கியானால் சூடு ஆகாது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

கடைசி வேலை, மடிப்பதற்கு முன்: குண்டூசிகளை எண்ணுங்கள். தொடங்கும்போது டப்பாவில் எத்தனை இருந்தது என்று ஒரு காகிதத்தில் குறித்து வைத்திருந்தால், முடிவில் அதே எண்ணிக்கை வர வேண்டும். ஒன்று குறைந்தால் மேசையடியில் விழுந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். போர்வையை விரித்து, ஒரு காந்தத்தை ஓரம் முழுவதும் மெதுவாக நகர்த்துங்கள். பிறகு உள்ளங்கையால் அழுத்தி, ஒரு சாண் விடாமல் தடவிப் பாருங்கள்.